படுத்த படுக்கையான ஒருவருக்குச் சபை என்ன செய்யலாம்

பக்கவாதம் வந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய புதிதில் சபையார் சாரைசாரையாக வருவார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஜெபம், பிறகு "ஏதாவது வேணும்னா சொல்லுங்க". மூன்றாம் மாதம் எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. பார்த்துக்கொள்கிற மனைவியோ மகளோ ஓய்ந்துபோவது அப்போதுதான். அதனால் உதவிக்கு ஆள் ஒதுக்கும்போதே ஆறு மாதத்துக்கு ஒதுக்குங்கள். அன்றாட உணவுப் பங்கீட்டில் விதவைகள் விடுபட்டபோது ஆதிச்சபை ஏழு பேரைப் பெயர் சொல்லி நியமித்தது (அப்போஸ்தலர் 6). எல்லாரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

வாரம் இரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், இரண்டிரண்டு பேர் போதும். ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். நோயாளி பெண் என்றால் பெண்களே போகட்டும். சளி, காய்ச்சல் இருப்பவர் அந்த வாரம் விலகிவிட வேண்டும். வீட்டாரிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "அக்கா, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வாரோம், ஒரு மணி வரைக்கும் நீங்க தூங்குங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

அந்த மூன்று மணி நேரத்தில் முக்கிய வேலை புரட்டிப் படுக்க வைப்பது. ஒரே பக்கம் அழுந்திக் கிடந்தால் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே உள்ள சதைக்கு ரத்தம் போகாது. புண் அங்கேதான் தொடங்கும். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடது, மல்லாந்து, வலது என்று மாற்றி, நேரத்தைச் சுவரில் ஒட்டிய தாளில் குறியுங்கள். ஒரேயடியாக ஒருக்களித்துவிடாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து முப்பது டிகிரி சாய்வு போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. மல்லாந்திருக்கும்போது கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் படுக்கையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி. மேலே நகர்த்த வேண்டுமானால் அடியில் விரித்த துணியை இருபக்கமும் பிடித்துத் தூக்குங்கள். இழுத்தால் தோல் உரியும். செயலிழந்த கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். ஜெபத்தில் கையை உயர்த்திப் பிடிக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் பிட்டத்துக்கு மேல் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், கணுக்கால் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் ஆரம்பித்துவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது, சூடும் கெட்டித்தன்மையும்தான் அடையாளம். அங்கே எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது நம் வழக்கம். உள்ளே நைந்த சதையை அது இன்னும் நைக்கும். நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையமும் வேண்டாம், சுற்றிலும் அழுத்தி ரத்தத்தைத் தடுக்கும். ஏர் பெட் நல்லதுதான், ஆனால் அதன்மேல் கனத்த போர்வைகளை அடுக்கினால் பயனில்லை. அது இருந்தாலும் புரட்ட வேண்டும்.

ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, ஒவ்வொரு கரண்டியும் இறங்கியபின் அடுத்தது. பக்கவாதத்தில் தண்ணீரும் ஜூஸும்தான் எளிதில் புரையேறும், கெட்டியான கஞ்சி அவ்வளவாக ஏறாது. இருமலோ, குரலில் கரகரப்போ வந்தால் உடனே நிறுத்துங்கள். முடிந்தபின் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். மூக்கில் டியூப் இருந்தால் வாய்வழி எதுவும் வேண்டாம். வீட்டில் திருவிருந்து கொடுக்க வரும் ஆயரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உலர்ந்த அப்பம் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

பேச்சு போனவருக்குப் புத்தி போனதாக நினைத்து அவர் தலைமாட்டிலேயே "இனி எழும்ப மாட்டாரு போல" என்று பேசுகிறவர்கள் உண்டு. பலருக்கு எல்லாம் புரியும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாகக் கேட்டு, கண்ணசைவுக்குக் காத்திருங்கள். ஜெபம் இரண்டு மூன்று நிமிடம், தாழ்ந்த குரலில். 121-ஆம் சங்கீதம் போதும். எந்தப் பாவத்தால் வந்தது என்று ஆராய வேண்டாம், யோவான் 9-ல் சீஷர்கள் அப்படிக் கேட்டதை இயேசுவே மறுத்தார். விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து என்பவரை அந்த வீட்டுக்கு மறுபடி அனுப்பாதீர்கள். பிரஷர் மாத்திரை நின்றால் இரண்டாவது பக்கவாதம் வரலாம். படுக்கையைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் போடுவதும் கூடாது.

பணம் கொடுப்பதானால் கவரில், தனியே, பார்த்துக்கொள்கிறவர் கையில். அதைவிட மருந்துக்கடை பாக்கியை அடைப்பது நல்லது. இயேசு சொன்ன உவமையில், அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்ததோடு, கூடுதல் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். அந்த இரண்டாவது பகுதியைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். பெரியவர்களுக்கான டயப்பரை இடுப்பளவு கேட்டு வாங்குங்கள், பெரிதானால் கசியும், சிறிதானால் தொடையிடுக்கை அறுக்கும். பழைய பருத்தி வேட்டி, கையுறை, சோப்புத்தூள் எல்லாம் பழக்கூடையைவிட உதவும். ஈரமான விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். இன்னும் பெயர் பதியாத வீடானால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உங்களில் ஒருவர் போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள்.