ஊசிக்கு முன் நோயறிதல்: செல்லப் பிராணிகளின் அக்குபங்சர், கைரோபிராக்டிக் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் வளரும் லாப்ரடார் நாய் கறுப்பி, ஒன்பதாவது வயதில் பின்கால்களை இழுத்து நடக்கத் தொடங்கியதை மொசைக் தரையில் நகம் உரசும் சத்தம்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. காலைத் தூக்கிப் பார்த்தபோது, நடுவிரல்கள் இரண்டிலும் நகத்தின் மேற்புறம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. மனிதர்களின் முதுகுவலிக்குச் சிகிச்சை செய்யும் ஒருவர் நாய்களுக்கும் எலும்பைச் சரிசெய்து விடுகிறார் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதை நம்பி, ஓர் எக்ஸ்ரேகூட எடுக்காமல் அவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் இடுப்பைப் பிடித்துத் திருப்பியபோது கறுப்பி போட்ட ஓலம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிரவு அதனால் எழுந்து நிற்க முடியவில்லை. முதுகெலும்புக் கணுக்களுக்கு இடையே மெத்தை போலிருக்கும் இடைத்தட்டு ஒன்று பிதுங்கி ஏற்கெனவே தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது என்பது பிறகு எடுத்த ஸ்கேனில்தான் தெரிந்தது.

மெல்லிய ஊசிகளை உடலில் குத்திச் செய்யும் அக்குபங்சர், முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் செய்யும் கைரோபிராக்டிக் ஆகிய இரண்டு சிகிச்சைகளுக்கும் நான் எதிரியல்ல; பின்னாளில் கறுப்பிக்கு ஒரு கால்நடை மருத்துவரிடமே அக்குபங்சர் செய்துகொண்டோம். ஆனால் நோய் இன்னதென்று தெரியும் முன் சிகிச்சையைத் தொடங்குவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய் என்பதை அனுபவத்தில் உணர்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நொண்டுவது ஓர் அறிகுறி மட்டுமே. இடுப்பு மூட்டுத் தேய்மானம், முழங்கால் தசைநார் கிழிதல், இடைத்தட்டுப் பிதுக்கம், எலும்புப் புற்று ஆகிய எதனாலும் நாய் நொண்டலாம். நம் ஊரில் இவற்றோடு உண்ணிக் காய்ச்சலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெங்களூரின் மிதமான தட்பவெப்பத்தில் உண்ணிகளுக்கு ஓய்வுக் காலம் என்று ஒன்று கிடையாது. அவை பரப்பும் எர்லிகியா கிருமி சில நாய்களுக்கு மூட்டுகளை வீங்க வைத்து, வயதான நாயின் மூட்டுவலி போலவே தோற்றமளிக்கும். அதே கிருமி, இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கையையும் சரித்துவிடும். ஒரு மைக்ரோலிட்டரில் ஏறத்தாழ 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்க வேண்டிய பிளேட்லெட் சில ஆயிரங்களுக்கு இறங்கிவிட்ட நாய்க்கு ஊசி குத்தினால், குத்திய இடங்களில் உள்ளுக்குள் இரத்தம் கசியக்கூடும். எனவே முதல் அமர்வுக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்யாத இடத்தில் ஊசிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கட்டியின் மேலும் புண்ணான தோலின் மேலும் ஊசி போடுவதில்லை. வலிப்பு உள்ள நாய்க்கும் சினையாக இருக்கும் நாய்க்கும் ஊசியில் மின்னோட்டம் செலுத்தும் முறையை நல்ல மருத்துவர்கள் தவிர்த்துவிடுவார்கள்.

கைரோபிராக்டிக்கில் ஆபத்து இன்னும் நேரடியானது. மூட்டைச் சட்டென்று அழுத்தும்போது எழும் ‘டக்’ என்ற சத்தத்தை, விலகிய எலும்பு தன் இடத்தில் உட்கார்ந்ததற்கு அடையாளம் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அது மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழின் ஓசை; அதை வைத்துச் சிகிச்சை பலித்தது என்று சொல்ல முடியாது. இடைத்தட்டுப் பிதுக்கம், எலும்பு முறிவு, முதுகெலும்பில் தொற்று அல்லது கட்டி இருக்கும் பிராணியின் மேல் அந்த அழுத்தம் விழுந்தால், அரைகுறையாக இயங்கும் கால் முழுவதுமாக ஓய்ந்துவிடலாம். நம் வீடுகளில் அதிகம் வளரும் பொமரேனியன் போன்ற சிறு இனங்களில், கழுத்தின் முதல் இரு எலும்புகளின் பிணைப்பு பிறவியிலேயே பலவீனமாக இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் அவற்றின் கழுத்தைத் திருப்புவது உயிருக்கே உலையாகும். காணொளி பார்த்து வீட்டில் செய்து பார்ப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

சிகிச்சை செய்பவர் யார் என்று விசாரிக்கக் கூச்சப்படுவதும் ஒரு தவறு. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரே கால்நடை மருத்துவம் செய்யலாம். மனிதர்களுக்கு எத்தனை ஆண்டுகள் ஊசி குத்தியிருந்தாலும் அது நாயின் உடற்கூறு படித்ததற்கு ஈடாகாது. முதலில் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். அதற்கு மேல் அக்குபங்சரில் எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி பெற்றார் என்றும் கேளுங்கள். 1974இல் தொடங்கப்பட்ட சர்வதேசக் கால்நடை அக்குபங்சர் சங்கம் போன்ற அமைப்புகள் கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்கு இதற்கென்றே பயிற்சி நடத்துகின்றன.

சில நிலைமைகளில் இந்தச் சிகிச்சைகளைப் பற்றிப் பேசவே நேரமில்லை. பூனை திடீரென்று அலறி, பின்கால்கள் இரண்டும் செயலிழந்து, பாதங்கள் சில்லிட்டு, பாத மெத்தைகள் நீலம் பாரித்தால், அது பெரும்பாலும் இதய நோயால் உண்டான இரத்த உறைகட்டி தமனியை அடைத்ததன் விளைவு. நாயின் பின்கால் விரலை அழுத்திக் கிள்ளியும் அது திரும்பிப் பார்க்கவில்லை என்றால், அல்லது அதனால் சிறுநீர் கழிக்க முடியவில்லை என்றால், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே கொண்டுசெல்ல வேண்டும். மெதுவாகத் தொடங்கும் பலவீனத்தைக் கண்டறிய ஒரு வழி இருக்கிறது. நாயை நிற்க வைத்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒரு பின்பாதத்தை மடக்கி அதன் மேற்புறம் தரையில் படும்படி வையுங்கள். நரம்பு சரியாக இருந்தால் நாய் உடனே பாதத்தைத் திருப்பி ஊன்றிக்கொள்ளும். கறுப்பி அப்படியே நின்றுகொண்டிருந்தது.

ஊசி தொடங்கிவிட்டதே என்று மருத்துவர் கொடுத்த வலி மாத்திரையைத் தாமாகவே நிறுத்துபவர்கள் ஒருபுறம். வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பவர்கள் மறுபுறம். இரண்டாவதுதான் கொடியது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். இபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் பாழாக்கும். ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வேறொரு வலி மாத்திரையைச் சேர்ப்பதும் அதே கதிதான்.

எதிர்பார்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலங்குகளுக்கான அக்குபங்சர் ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, எந்த நோய்க்கும் அதைப் பரிந்துரைக்கவோ நிராகரிக்கவோ போதிய வலுவான சான்று இல்லை என்றும், மேலும் ஆராயத்தக்க நம்பிக்கையூட்டும் தரவுகள் உண்டு என்றும் முடிவுசெய்தது. புற்றையும் சிறுநீரக நோயையும் ஊசியால் குணப்படுத்துவதாகச் சொல்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். வலியைக் குறைக்க மற்ற சிகிச்சையோடு சேர்த்துச் செய்வதாகச் சொல்பவரை நம்பிப் பேசலாம். பலன் தெரிய வாரம் ஒன்றாக நான்கு முதல் ஆறு அமர்வுகள் ஆகலாம். அதற்குள் நம் மனமே தேறிவிட்டதாக நினைத்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு வாரமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நாய் எழுந்து நடப்பதைக் கைப்பேசியில் பதிவுசெய்து ஒப்பிட்டுப் பாருங்கள். அமர்வு முடிந்ததும் போட்ட ஊசிகளின் எண்ணிக்கையும் எடுத்த ஊசிகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களும் எண்ணுங்கள். உதிர்ந்த ஊசியை நக்கி விழுங்கிவிடும் நாய்களும் உண்டு.

பல வாரக் கட்டாய ஓய்வும் ஆறு அமர்வுகளும் முடிந்த பிறகு கறுப்பி தானாக எழுந்து நடந்தது. அந்த முன்னேற்றம் முழுவதையும் ஊசியின் கணக்கில் எழுதிவைக்க நான் தயாராக இல்லை. உடல் எடையைக் குறைத்தோம். வழுக்கும் மொசைக் தரையில், அது படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரை ரப்பர் விரிப்பு போட்டோம். நகத்தின் மேற்புறத்தை இன்றும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தடவிப் பார்க்கிறேன்.