தீனித் தட்டுப்பாட்டின்போது படைக்குதிரையைக் காப்பது எப்படி

போர்க்காலத்தில் வண்டியில் இடம் குறைந்தால் தானிய மூட்டைதான் ஏறும். இடத்தை அடைக்கும் காய்ந்த புல் பின்தங்கிவிடும். குதிரைக்கோ புல்தான் முக்கியம். பெருங்குடலுக்குள் நார்த்தீனி போய்க்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றுச் சூலை வரும். ஆகவே வெட்டுவதானால் முதலில் தானியத்தை வெட்டுங்கள்.

450 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 4.5 கிலோ காய்ந்த புல் என்பது அடிமட்டம். 7 கிலோ இருந்தால் நல்லது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் சவாரிக் குதிரைக்கு ஏறத்தாழ 5 கிலோ ஓட்ஸும் 4.5 கிலோ புல்லும் தினப்படி. அதுவும் குறைந்தபோது குதிரைகள் வண்டி மரத்தையும், போர்வையையும், பக்கத்துக் குதிரையின் வாலையும் மென்றன. லாயத்தில் மரம் கடிபட்டிருந்தால் புல் அளவைத்தான் முதலில் பாருங்கள்.

புல் போதாவிட்டால் பாதிவரை ஓட்ஸ், பார்லி அல்லது கோதுமை வைக்கோல் கொடுக்கலாம். விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, நீர் தெளித்து, புல்லோடு கலந்து, 10 நாளில் சிறிது சிறிதாக அளவைக் கூட்டுங்கள். திடீரென மாற்றினாலும், தண்ணீர் குறைந்தாலும் வைக்கோல் குடலில் கட்டிக்கொள்ளும். தீனிக்கு முன் தண்ணீர் காட்டுங்கள். நாளுக்கு 25 முதல் 40 லிட்டர் தேவை. வில்லோ, பாப்லர் தழை வெட்டிப் போடலாம். அரளியும், யூ (yew) என்னும் ஊசியிலை மரத்தின் தழையும் கொல்லும். புல்லுக்கட்டைப் பிரித்ததும் பூசண வாடையோடு தூசி பறந்தால் அந்தக் கட்டு வேண்டாம்.

தானியத்தை டப்பாவால் அளக்காமல் நிறுத்துப் போடுங்கள். ஒரே டப்பா மக்காச்சோளத்தில் ஓட்ஸைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி இருக்கிறது. பார்லியை நொறுக்கிக் கொடுங்கள். ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டக் கூடாது. வேலையில்லாத நாளில் பாதி போதும். முழுத் தானியம் தின்று சும்மா நின்ற குதிரைக்கு மறுநாள் வேலையில் பின்தொடைத் தசை இறுகி நடையே நின்றுபோகும். மிச்சம் பிடிக்க இதைவிட நல்ல இடமில்லை.

முகத்தில் கட்டும் தீனிப் பையிலும் நிறைய வீணாகும். பை காலியாகக் காலியாக, அடியில் கிடப்பதை எட்டக் குதிரை தலையை உதறும். தானியம் சேற்றில் சிந்தும். பாதி தின்றதும் வாரை இரண்டு துளை இறுக்குங்கள். இரண்டு பிடி நறுக்கு வைக்கோல் சேர்த்தால் விழுங்காமல் மெல்லும்.

பட்டினியில் எலும்பும் தோலுமாகிவிட்ட குதிரைக்கு உடனே தானியம் வைத்துவிடாதீர்கள். இரத்தத்தில் தாது உப்புகள் சட்டென்று சரிந்து, சில நாளில் இறந்துவிடக்கூடும். முதல் மூன்று நாள், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை கிலோ காய்ந்த குதிரை மசால் (லூசர்ன் என்னும் தீவனப் பயிர்) மட்டும் கொடுங்கள். பிறகு பத்தாம் நாள்வரை மெல்லக் கூட்டுங்கள்.