தென்னந்தோப்பில் ஆழம் அளக்க இரட்டைக் கேமரா

பொள்ளாச்சிப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓலையை ஓயவிடாது. இரண்டு கேமராவும் ஒரே கணத்தில் படம் பிடிக்காவிட்டால் ஆழக்கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும். தனித்தனி வெப்கேம்களைச் சேர்த்துக் கட்டாதீர்கள். குளோபல் ஷட்டரும் (படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதிவது) ஹார்டுவேர் ட்ரிக்கரும் (ஒரே மின்குறிப்பில் இரண்டையும் சேர்த்து இயக்குவது) உள்ளவையே வேண்டும்.

அலுமினியப் பட்டையில் 12 செ.மீ. இடைவெளியில் இறுக்கி, ஆட்டோஃபோகஸை அணையுங்கள். பிறகு கேமராக்களை அளவுதிருத்த (கேலிபரேஷன்), 25 மி.மீ. சதுரங்கக் கட்டத் தாளைக் கண்ணாடியில் சுருக்கமின்றி ஒட்டி, சாய்த்தும் ஓரங்களில் பிடித்தும் 30 ஜோடிப் படங்கள் எடுங்கள். ஓப்பன்சிவி (படங்களை அலசும் இலவச மென்பொருள் நூலகம்) காட்டும் அளவுதிருத்தப் பிழை 0.5 பிக்சலைத் தாண்டினால் மங்கிய படங்களை நீக்கி மறுபடி ஓட்டுங்கள். பட்டை தட்டுப்பட்டு அசைந்தால் புதிதாகப் படமெடுத்து அளவுதிருத்த வேண்டும்.

லென்ஸின் குவியத்தூரத்தை (பிக்சலில்) கேமரா இடைவெளியால் பெருக்கி, ஒரே புள்ளி இரு படங்களுக்கிடையில் தள்ளித் தெரியும் நகர்வால் (பிக்சலில்) வகுத்தால் ஆழம். குவியத்தூரம் 700 என்றால் 3 மீட்டரில் நகர்வு 28 பிக்சல். ஒரு பிக்சல் தவறினால் 11 செ.மீ. பிழை. 10 மீட்டரில் நகர்வு 8.4 தான்; அதே தவறு ஒரு மீட்டருக்கு மேல் கொண்டுபோய்விடும். உச்சிக் குலையைத் தரையிலிருந்து அளக்க இடைவெளியை 40 செ.மீ. ஆக்குங்கள்.

இரு படங்களிலும் ஒரே புள்ளியைப் பொருத்தித் தேடும் ஓப்பன்சிவியின் எஸ்ஜிபிஎம் முறையில், நகர்வைத் தேடும் எல்லை (பிக்சலில்) 16இன் மடங்காக இருக்க வேண்டும். 12 செ.மீ. அமைப்பில் 64 வைத்தால் 1.3 மீட்டருக்குள் இருப்பவை தப்பிவிடும். கீற்றுகள் ஒன்றுபோலவே இருப்பதால் பொருத்தம் குழம்பும். யூனிக்னஸ் ரேஷியோவை (சிறந்த பொருத்தம் அடுத்ததைவிட எத்தனை சதவீதம் மேலாக இருக்க வேண்டும் என்ற அளவு) 15க்கு ஏற்றுங்கள்.