கேமிங் கம்ப்யூட்டர்: ரெடிமேடா, அசெம்பிளா? பணம் வீணாகும் இடங்கள்

பையன் கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறான், வீட்டில் ஐம்பதாயிரம் வரை தரத் தயார். ரெடிமேடாக ஒரு செட் வாங்கிவிடலாமா, பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்யலாமா என்று பேச்சு ஆரம்பிக்கும். வேலூர், காட்பாடி பக்கம் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இந்தக் கேள்விக்கும் முன்னாலேயே நடந்துவிடுகிறது: பாகங்களின் பெயரை எழுதி வாங்காமல் மொத்த விலையை மட்டும் பேசி முடிப்பது. எந்த வழியில் வாங்கினாலும் சரி, உள்ளே இருப்பது என்ன என்று மாடல் எண்ணோடு எழுதித் தராத கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், “ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு” என்று ஆச்சரியமான விலைக்கு விற்கும் செட்களில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். இன்டெலின் உயர் வரிசை ப்ராசஸரான ஐ7 என்பது உண்மைதான். ஆனால் அது 2013-இல் வந்த ஐ7-4770 ஆக இருக்கலாம். 2022-இல் வந்த, கீழ் வரிசை ஐ3-12100-க்கும் அதே நான்கு கோர் (கணக்குப் போடும் பகுதிகள்), எட்டு த்ரெட்தான் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைகள்), வேகத்தில் ஐ3 அதைத் தாண்டிப் போய்விடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், ஐ7-4770 நான்காம் தலைமுறைதான். விண்டோஸ் 11-இல் வேலரண்ட் கேம் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். பழைய ஐ7 வாங்கினவர் இங்கேயே நின்றுவிடுவார்.

கேமின் படத்தைத் திரைக்குத் தரும் கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதைதான். “4 ஜிபி” என்று சொல்லித் தருவது பெரும்பாலும் ஜிடி 730, 2014-இல் வந்தது. மெமரி எவ்வளவு இருந்தாலும் அந்த சிப்புக்கு வலு கிடையாது. தனி கார்டே இல்லாமல், ரைசன் 5 5600ஜி ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ்கூட அதைவிட நன்றாக ஓடும்.

அலுவலகங்களிலிருந்து வரும் பிராண்டட் செகண்ட்ஸ் மெஷினை வாங்கி, அப்புறம் கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் மூடியைத் திறந்து பார்க்கட்டும். ஒல்லி கேபினெட்டில் சாதாரண உயரக் கார்டு நுழையாது. அதன் எஸ்எம்பிஎஸ்-உம் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) பெரும்பாலும் அந்த கம்பெனிக்கென்றே செய்த அளவில் இருக்கும், வெளியில் வாங்கி மாற்றுவது கஷ்டம்.

அசெம்பிள் செய்தால் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையும் இப்போது சரியில்லை. 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் போனது முக்கியக் காரணம். பழைய ஸ்டாக் ரேமோடு வரும் ரெடிமேட் செட் சில சமயம் லாபமாக அமையும். பட்டியல் போட்டு இரண்டையும் ஒப்பிட்டால்தான் தெரியும்.

அசெம்பிள் என்று முடிவு செய்தவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்கும் முதல் இடம் எஸ்எம்பிஎஸ். அங்கேதான் மிச்சம் பிடிக்கவே கூடாது. கேபினெட்டோடு இலவசமாக வருவதில் 450 வாட் என்று போட்டிருக்கும். பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். ப்ராசஸருக்கும் கார்டுக்கும் மின்சாரம் போவது 12 வோல்ட் லைனிலிருந்துதான். ஸ்டிக்கரில் 12 வோல்டுக்கு நேரே எழுதியிருக்கும் ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்கினால் உண்மையில் எத்தனை வாட் கிடைக்கும் என்று தெரிந்துவிடும். நல்ல எஸ்எம்பிஎஸ்-இல் இந்தக் கணக்கு மொத்த வாட்டை ஒட்டி வரும். மட்டமானதில் பாதிகூட வராது, கார்டுக்கான ஆறு பின் கேபிளும் இருக்காது. வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவில் அது போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

மற்றவை சின்னச் சின்னத் தவறுகள்தான், ஆனால் சங்கடமானவை. இன்டெல் ப்ராசஸர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, கார்டு இல்லாமல் திரையில் படம் வராது. 5600ஜி போன்றவற்றுக்கு 16 ஜிபி ஒரே ரேமாகப் போடாமல் எட்டு எட்டாக இரண்டு போடுங்கள், கேம் வேகத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கார்டு இருக்கும்போது மானிட்டர் கேபிளைக் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகிவிட்டு கேம் திணறுகிறது என்று புலம்புபவர்களும் உண்டு.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை குறையும் என்று காட்பாடியில் ரயில் ஏறுகிறவர்கள் திரும்பும் கணக்கையும் போட வேண்டும். ஒரு மதர்போர்டு பழுதாக இருந்தால் மறுபடி 130 கிலோமீட்டர். முதல்முறை வாங்குபவருக்கு என் யோசனை இது: பட்டியல் உங்களுடையதாக இருக்கட்டும், மாட்டித் தருவது உள்ளூர்க் கடையாக இருக்கட்டும். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் இருக்க வேண்டும், ஏனென்றால் பாகத்துக்குப் பாகம் வாரண்டி வேறு. மீதிப் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே அரை மணி நேரம் ஒரு கேமை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். மே மாதம் 40 டிகிரி தாண்டும் ஊரில், அறைச் சூடு எவ்வளவு ஏறுகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவும் ப்ராசஸர் சூட்டிலும் ஏறும். எல்லை தொட்டதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட, கலர் லைட் கேபினெட்டை வாங்காதீர்கள். வலைபோட்ட முகப்பும், கழற்றித் தூசு தட்டும் ஃபில்டரும் உள்ளதை வாங்குங்கள்.

கேபினெட்டின் இரும்பில் கை பட்டால் சுர்ரென்கிறதா? பெரும்பாலும் எர்த் சரியில்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்-இல் கசியும் சிறு மின்சாரம் எர்த் வழியாகப் போக வேண்டும். அந்த வழி இல்லாவிட்டால் அது கேபினெட்டில் நிற்கும். பழைய வீடுகளில் மூன்று பின் பிளக் இருக்கும், பின்னால் எர்த் கம்பியே இருக்காது. கம்பி இருந்தாலும் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்ற வேண்டும். மெஷின் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அதைச் சொருகப்போகும் அந்த ஒரு பாயிண்டைச் சோதிக்கச் சொல்லிவிடுங்கள்.