கரண்ட் பில்லைக் குறைக்க, முதலில் மீட்டரின் சிவப்பு விளக்கை எண்ணுங்கள்

எங்கள் கடலூரில் குளிருக்காக வீட்டைச் சூடேற்ற வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் பில்லை ஏற்றுவது சூடுதான். ஒன்று, தண்ணீரைச் சூடாக்குகிறோம்; இல்லையென்றால் அறைக்குள் இருக்கும் சூட்டை ஏசி போட்டு வெளியே தள்ளுகிறோம். "லைட்டை அணை, டிவியை அணை" என்று பிள்ளைகளை விரட்டுவதற்கு முன்னால், எது எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பைசா செலவில்லாமல் பார்க்கலாம்.

மீட்டரைப் படிப்பது

டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். அதன் பக்கத்தில் 3200 அல்லது 1600 போல ஓர் எண் அச்சாகியிருக்கும். 3200 என்றால், அத்தனை தடவை மின்னினால் ஒரு யூனிட். மீட்டரையோ சீலையோ தொட வேண்டாம், தள்ளி நின்று பார்த்தாலே போதும்.

வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள். ஃபிரிட்ஜையும் இன்வெர்ட்டர் சார்ஜையும் அந்தச் சில நிமிடங்களுக்கு நிறுத்துங்கள். இப்போது ஒரு ஃபேனை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு ஒரு முறை மின்னினால் ஏறக்குறைய 19 வாட். நான்கு முறை மின்னினால் 75 வாட். பழைய சீலிங் ஃபேன் அவ்வளவு இழுக்கும். இப்படியே ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணி, ஒரு நோட்டில் எழுதுங்கள்.

எல்லாம் அணைத்த பிறகும் விளக்கு மின்னினால் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் ரிமோட்டில் மட்டும் அணைத்த செட்டாப் பாக்ஸ்தான். அது 10 வாட் இழுத்தாலே இரண்டு மாதத்தில் 14 யூனிட் போய்விடும்.

கீசர்

15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆகும். நான்கு பேருக்குத் தினம் ஆளுக்கொரு வாளி என்றால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். கீசரை அணைக்க மறந்தால், தொட்டி 60 டிகிரிவரை ஏறி, ஆறி, திரும்ப ஏறிக்கொண்டே இருக்கும். 2000 வாட் கீசராக இருந்தால் குளிப்பதற்கு 10 நிமிடம் முன்பு போட்டு, அணைத்துவிட்டுக் குளியுங்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் உள்ளே காயில் மேல் வெள்ளையாகப் படியும். வருடத்துக்கு ஒரு தடவை ஆள் வைத்துச் சுத்தம் செய்வது நல்லது.

மார்கழியில்கூட நம் ஊர் வெயில் சும்மா விடாது. காலையில் முற்றத்தில் ஓர் அண்டாவில் தண்ணீர் பிடித்து மூடி வையுங்கள். மதியம் குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் இருக்கும். என் பாட்டி எங்களை அப்படித்தான் குளிப்பாட்டினார்.

சுவரும் மொட்டை மாடியும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் எங்கள் வீட்டு மேற்குப் பக்கத்து வேப்பமரம் சாய்ந்தது. அடுத்த சித்திரையில்தான் அந்த மரம் எங்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று புரிந்தது: சாயங்காலம் மேற்குச் சுவரில் கை வைக்க முடியவில்லை. இன்னொரு வேம்பு நட்டோம், வளரும்வரை வெளியே தென்னங்கீற்றுத் தட்டி கட்டினோம். ஜன்னலுக்கு உள்ளே போடும் திரையைவிட வெளியே நிற்கும் நிழல்தான் பலன் தரும், ஏனென்றால் வெயில் கண்ணாடிக்கு வருவதற்கு முன்பே தடுக்கப்படுகிறது. மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள், பங்குனியிலேயே அடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் கொண்டல் காற்று எழுந்ததும் கிழக்கு ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

ஏசி போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம். தேவனாம்பட்டினம் போலக் கடலையொட்டிய வீடுகளில் வெளி யூனிட்டின் தகடுகளை உப்புக்காற்று அரிக்கும். சர்வீஸுக்கு வருபவரிடம் நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள்.

ஃபேனை மாற்றுவது

ஏதாவது வாங்குவதென்றால் முதலில் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் வாங்குங்கள். சுமார் 30 வாட்தான். தினம் 15 மணி நேரம் ஓடும் ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். அதிகம் ஓடும் அறைக்கு முதலில். விருந்தினர் அறைக்கு அவசரமில்லை.

இந்த 40 யூனிட்டின் அருமை இரண்டு மாதத்தில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்குத் தெரியும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில், 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டே 2.25 ரூபாயிலிருந்து 4.50 ரூபாயானது. அதன் பிறகு விலை மாறியிருக்கிறது, அதனால் உங்கள் கடைசி ரசீதை எடுத்துப் பாருங்கள். ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து, ஞாயிறுதோறும் மீட்டர் எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். ரீடிங் எடுத்த நாளிலிருந்து ஓடியது நான்காம் வாரம் 240 யூனிட்டைத் தாண்டியிருந்தால், அந்த வாரமே கீசர் நேரத்தைக் குறைக்கத் தொடங்குங்கள்.