நாய்க்கு ஓயாத அரிப்பா? இந்த வரிசையில் பாருங்கள்

நாய் பாதத்தை நக்கி நக்கி மயிர் செம்பழுப்பாகிவிட்டது, காது நாறுகிறது, வாலடியில் மயிர் கொட்டுகிறது என்றதும் பலர் முதலில் சாப்பாட்டைத்தான் மாற்றுகிறார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் பூச்சி, அடுத்து குளியல், பிறகு சாப்பாடு. சீழ்க்கொப்புளமோ புளித்த வாடையோ இருந்தால் எதற்கும் முன்னால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

படி 1: பூச்சி

வாலடியைப் பேன்சீப்பால் வாரி, சீப்பில் வரும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். துகளைச் சுற்றிச் செந்நிறம் கசிந்தால் அது மண் இல்லை, இரத்தம் குடித்த தெள்ளுப்பூச்சியின் எச்சம். அலர்ஜி உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாள்கணக்கில் சொறியும். மருத்துவர் எடை பார்த்துத் தரும் மருந்தை வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைக்கும் குறைந்தது 3 மாதம் விடாமல் கொடுங்கள். முட்டையும் கூட்டுப்புழுவும் படுக்கையிலும் தரை இடுக்கிலும் கிடக்கும்; ஒரு மாதத்தோடு நிறுத்தினால் அவை பொரித்துத் திரும்பி ஏறும். பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

காதோரமும் முழங்கையும் பொருக்குத் தட்டி, வீட்டாருக்கும் அரித்தால் சொறி உண்ணியாக இருக்கலாம். தோலைச் சுரண்டிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

படி 2: குளியல்

குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி 2 முதல் 4 சதவீதம் உள்ள நாய் ஷாம்பு, வாரம் ஒருமுறை. வெந்நீர் அரிப்பைக் கூட்டும், பச்சைத்தண்ணீரே நல்லது. அக்குள், அடிவயிறு, விரலிடுக்கு வரை தேய்த்து, நுரையை முழுசாக 10 நிமிடம் ஊறவிடுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், போட்டதும் அலசினால் மருந்து வேலை செய்யாது. பிறகு வழவழப்புப் போக அலசி, விரலிடுக்கை ஒற்றி உலர்த்துங்கள். ஈரம் நின்றால் அங்கே ஈஸ்ட் என்ற பூஞ்சை பெருகும். டெட்டால் வேண்டவே வேண்டாம், நக்கினால் வாய் புண்ணாகும்.

படி 3: சாப்பாடு

8 வாரம், இதுவரை தின்றிராத ஒரே இறைச்சி, ஒரே மாவுப்பண்டம். கோழியும் சோறும் தின்று வளர்ந்த நாய்க்கு, முள் எடுத்து வேகவைத்த மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சரிவரும். உப்பு, வெங்காயம் கூடாது. குட்டி என்றால் சத்துக் குறையாமல் இருக்க மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள்.

பெரும்பாலும் கெடுவது தட்டுக்கு வெளியேதான். பாட்டி பாசத்தில் போடும் பிஸ்கட், குழந்தை சிந்தும் தயிர்சாதம், இறைச்சி மணமூட்டிய பூச்சி மாத்திரை, எல்லாம் கணக்கில் சேரும். வீட்டில் அத்தனை பேரிடமும் சொல்லிவையுங்கள். தினம் அரிப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுக் காலண்டரில் குறியுங்கள்.

அரிப்பு குறைந்ததும் அதோடு விட்டுவிடாதீர்கள், சோதித்துப் பார்க்கப் பழைய உணவைத் திரும்பக் கொடுங்கள். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால்தான் உணவு அலர்ஜி என்று உறுதி. பருவம் மாறியும் அரிப்பு குறைந்திருக்கலாமே.

எதற்கும் அடங்காவிட்டால் தூசி உண்ணி, மகரந்தம் போன்றவற்றால் வரும் அலர்ஜியாக இருக்கலாம். அதை ஆயுள் முழுக்கக் கட்டுக்குள் வைப்பதுதான் வழி; அரிப்பை அடக்கும் ஓக்லாசிடினிப் போன்ற மருந்துகள் மருத்துவர் சீட்டில் கிடைக்கும். பழைய சீட்டை வைத்து ஸ்டீராய்டு வாங்கிப் போடாதீர்கள். தாகம், எடை கூடும், தொற்று மறைந்து வளரும். நாள்பட்டுக் கொடுத்ததைத் திடீரென நிறுத்தவும் கூடாது.