சுடுமண் குதிரையை பேக்கிரவுண்டிலிருந்து சுத்தமாகப் பிரித்தெடுப்பது எப்படி? கிம்ப்பில் முதல் பாடம்

புதுச்சேரி வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பொம்மைகளை விற்கப் போடும் படங்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஐயனார் குதிரையின் பிடரியில் அத்தனை நுணுக்கம் இருக்கும். பின்னால் ஒரு சைக்கிள் சக்கரமும் பிளாஸ்டிக் குடமும் நின்று பார்வையை இழுத்துக்கொள்ளும். இணையச் சந்தைகள் பலவும் முதல் படத்துக்கு வெள்ளை பேக்கிரவுண்ட்தான் கேட்கின்றன. அதனால் அந்தக் குதிரையை வைத்தே சொல்லித் தருகிறேன்.

இதற்குப் பயன்படுத்தப்போவது கிம்ப் என்ற, படங்களைத் திருத்தும் சாஃப்ட்வேர். 1996இலிருந்து வந்துகொண்டிருக்கிறது, முழுக்க இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒரே தட்டில் பேக்கிரவுண்டை நீக்கும் செயலிகளும் உண்டு, அவசரத்துக்கு ஆகும். ஆனால் செம்மண் தரையில் நிற்கும் செம்மண் குதிரையில் எது தரை, எது குளம்பு என்று அவை தடுமாறும். காது நுனி போய்விடும், கால் இடுக்கு அடைபட்டுவிடும்.

படம் எடுக்கும்போதே பாதி வேலை

புதுச்சேரியின் மஞ்சள் சுவர்கள் கண்ணுக்கு அழகு, ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. அந்த மஞ்சள் பொம்மையின் ஓரங்களில் பட்டுத் தெறிக்கும். பின்னால் சுவரை வெட்டி எடுத்தாலும் ஓரத்தில் மஞ்சள் அப்படியே நிற்கும். சாம்பல் நிற சார்ட் பேப்பர் ஒன்று வாங்கிப் பின்னால் வையுங்கள். நடுப்பகல் வெயில் வேண்டாம், திண்ணை நிழல் போதும். போனைக் குதிரையின் முகத்தருகே கொண்டுபோகாமல் நாலடி தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். கிட்டே போனால் மூக்கு பெருத்து, உடம்பு சிறுத்துத் தெரியும்.

கோடு வரைவது

படத்தை கிம்ப்பில் திறந்து, கீபோர்டில் 'பி' (B) எழுத்தை அழுத்துங்கள். கோடு வரையும் கருவியான பாத் டூல் வரும். கண்ட்ரோல் பட்டனைப் பிடித்தபடி மவுஸ் சக்கரத்தை உருட்டிப் படத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்குங்கள். இதைத் தவிர்த்துவிட்டு முழுப் படத்தையும் பார்த்தபடி வரைந்தால் ஓரம் தப்பும்.

முதுகில் ஓர் இடத்தில் க்ளிக் செய்தால் ஒரு புள்ளி விழும். வளைவு திரும்பும் இடத்தில் அடுத்த புள்ளி. இரண்டுக்கும் நடுவே உள்ள நேர்க்கோட்டைப் பிடித்து இழுத்தால் அது வளையும். முதுகின் வளைவோடு பொருந்தும்வரை இழுங்கள். இப்படியே புள்ளி வைப்பதும் வளைப்பதுமாகப் போக வேண்டியதுதான். இதற்குப் பெசியே வளைவு என்று பெயர். 1960களில் ரெனோ கார் கம்பெனியில் இன்ஜினியராக இருந்த பியர் பெசியே, காரின் உடலை வடிவமைக்கப் பயன்படுத்திய முறை இது. புள்ளி குறைந்தால் வளைவு வழுவழுப்பாக இருக்கும் என்பதுதான் இதன் குணம். புதிதாகக் கற்பவர்கள் எறும்பு ஊர்ந்த மாதிரி நெருக்கி நெருக்கிப் புள்ளி வைப்பார்கள், ஓரம் பல்லுப்பல்லாக ஆகிவிடும். முதுகு முழுவதற்கும் மூன்று நான்கு புள்ளி போதும். காது நுனி, குளம்பின் முனை போன்ற கூர்மையான இடங்களில் மட்டும் சரியாக முனையிலேயே ஒரு புள்ளி வையுங்கள்.

இன்னொன்று, கோடு ஓரத்தின் மேலேயே போகக் கூடாது. ஒரு இழை உள்ளே தள்ளிப் போக வேண்டும். ஓரத்தில் இருக்கும் பிக்சல்களில் பாதி குதிரை, பாதி பேக்கிரவுண்ட் கலந்திருக்கும். அவற்றையும் சேர்த்து எடுத்தால் வெள்ளையில் வைக்கும்போது சுற்றிலும் சாம்பல் விளிம்பு கட்டும்.

சுற்றி வந்ததும் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு முதல் புள்ளியில் க்ளிக் செய்தால் கோடு மூடிக்கொள்ளும். பிறகு என்டர் தட்டுங்கள். கோடு செலக்ஷனாக, அதாவது தேர்ந்தெடுத்த பகுதியாக மாறி, ஓரம் முழுக்கப் புள்ளிக்கோடு ஓடும்.

செலக்ட் மெனுவில் ஷ்ரிங்க் (உள்ளே சுருக்குவது) போய் 1 பிக்சல், அடுத்து அதே மெனுவில் ஃபெதர் (ஓரத்தை மென்மையாக்குவது) போய் 1 அல்லது 2 பிக்சல் கொடுங்கள். இது 12 மெகாபிக்சல் போன் படத்துக்கான அளவு. அதிகம் கொடுத்தால் சுடுமண்ணின் கெட்டித்தன்மை போய்ப் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

அழிக்காதீர்கள், மறையுங்கள்

இங்கேதான் பலரும் டெலீட் பட்டனை அழுத்துகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். லேயர் என்பது படத்தின் ஓர் அடுக்கு, மாஸ்க் என்பது அதன் மேல் போடும் மறைப்பு. லேயர் மெனுவில் மாஸ்க், அதில் ஆட் லேயர் மாஸ்க், அதில் 'செலக்ஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பேக்கிரவுண்ட் மறையும், ஆனால் எங்கேயும் போகாது. மாஸ்க்கில் வெள்ளை உள்ள இடம் தெரியும், கறுப்பு உள்ள இடம் மறையும். காது நுனி வெட்டுப்பட்டிருந்தால் செலக்ட் மெனுவில் 'நன்' கொடுத்துவிட்டு, மாஸ்க்கின் சின்னப் படத்தை க்ளிக் செய்து வெள்ளைப் பிரஷ்ஷால் தடவினால் காது திரும்பி வரும்.

கால்களுக்கு நடுவே தெரியும் சார்ட் பேப்பரை மறக்காதீர்கள். கடிவாளத்துக்கும் கழுத்துக்கும் இடையிலும் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஒவ்வொன்றையும் பாத் டூலில் தனியாகச் சுற்றி வரைந்து என்டர் தட்டுங்கள். மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்துக் கறுப்பு நிறத்தால் நிரப்பிவிட்டு, செலக்ட் மெனுவில் 'நன்' கொடுங்கள்.

சரிபார்ப்பதும் நிழலும்

குதிரைக்குக் கீழே ஒரு புது லேயர் போட்டுக் கருநீலத்தால் நிரப்பிப் பாருங்கள், பிறகு வெள்ளையால். கருநீலத்தில் விட்டுப்போன வெளிர் விளிம்பு பளிச்சென்று தெரியும், வெள்ளையில் கறுத்த விளிம்பு தெரியும். இரண்டிலும் சுத்தமாக இருந்தால்தான் வெட்டு சரி.

வெள்ளையில் வைத்ததும் குதிரை அந்தரத்தில் மிதக்கும். குதிரைக்கும் வெள்ளைக்கும் நடுவே இன்னொரு வெற்று லேயர் போட்டு, குளம்புகளுக்கு அடியில் தட்டையான நீள்வட்டம் ஒன்றைச் செலக்ட் செய்து கரும்பழுப்பால் நிரப்புங்கள். செலக்ஷனை நீக்கிவிட்டு, ஃபில்டர்ஸ் மெனுவில் ப்ளர், அதில் காஸியன் ப்ளர். ஓரம் கரையும்வரை கூட்டி, லேயரின் ஒபாசிட்டியை, அதாவது அடர்த்தியை, 35 சதவீதம் அளவுக்குக் குறையுங்கள். சுத்தக் கறுப்பு வேண்டாம். செம்மண்ணுக்கு அடியில் அது மைக்கறை போலத் தெரியும்.

விற்பனைக்கு ஜேபெக் போதும். பேக்கிரவுண்டே இல்லாமல் நோட்டீஸிலோ பேனரிலோ ஒட்ட வேண்டுமானால், வெள்ளை லேயரின் கண் குறியை அணைத்துவிட்டு பி.என்.ஜி.யாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஜேபெக்கில் வெளிப்படையான பகுதி நிற்காது. இவை தவிர, கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்.சி.எஃப். கோப்பையும் சேமித்து வையுங்கள். பேனர் கடைக்காரர் சிவப்பு பேக்கிரவுண்டில் கேட்டால், அதைத் திறந்து அடி லேயரின் நிறத்தை மாற்றினால் போதும்.